பொலிஸாருக்கு நன்றி சொல்ல மார்ச் 21இல் ஒரு நிகழ்ச்சி: எது பிரயோசனம், எது வீண்? (திருகோணமலை)

உவர்மலை வாசகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். 1864இல் அதே நாளில் மாவனெல்லைப் பக்கம் உதுவன்கந்தையில் சரதியல் எண்ட கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் எண்ட கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்ததை வைத்துத்தான் அந்த நாள் வந்தது. எங்கட வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து அண்டைக்கு நகரத்துப் பொலிஸாருக்கு நன்றி சொல்லுற மாதிரி ஒரு நிகழ்ச்சி செய்யலாமெண்டு யோசனை. கையில் 60,000 ரூபா இருக்கு. 9ஆம், 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர் வருவாங்க.

இப்போதைக்குப் போட்ட திட்டம்: பின்னேரம் கடற்கரையில் காந்தி சிலையடியில் மேடை, பொறுப்பதிகாரிக்குப் பொன்னாடை, மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு பரிசுப் பொதி, ஒரு பெரிய பதாகை.

எனக்குத் தெரிய வேண்டியது மூண்டு விஷயம். ஒண்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல, ஒரு சாதாரண கான்ஸ்டபிளுக்கு ஒவ்வொரு நாளும் உண்மையில் வாற ஆபத்து என்ன? துவக்கு, குண்டு எண்டு சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பாங்க, ஆனால் அதுதானா? ரெண்டு, காசை எதில் போட்டால் அவங்களுக்கு உபயோகம்? மூண்டு, சட்டப்படி ஏதும் சிக்கல் வருமா?

---

டிம் லைட்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். துவக்குச் சூடு எப்போதாவது நடப்பது. தினமும் அவர்களுக்குப் பக்கத்தால் போவது வாகனம். இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்காகவே காட்டலாம்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனுக்கு 16.7 மீற்றர் ஓடும். சாரதி ஆளைக் கண்டு, கால் பிரேக்கில் விழ ஒன்றரைச் செக்கன். அதிலேயே 25 மீற்றர் முடிந்துவிடும். பிறகு காய்ந்த தாரில் நிற்க இன்னும் 20 மீற்றர். வாடைக் காலத்து ஈர வீதியில் 35 வரை போகும். மொத்தம் காய்ந்த வீதியில் 45, ஈரத்தில் 60 மீற்றர். இப்போது மற்றப் பக்கம்: வீதி விளக்கு இல்லாத இடத்தில், டிம் லைட் வெளிச்சத்தில், காக்கி உடுப்பு கண்ணில் பிடிபடுவது ஏறக்குறைய 30 மீற்றருக்குள்தான். 30ஐயும் 60ஐயும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும்.

எதிரே இன்னொரு வாகனம் ஹைபீமில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் பக்கத்தில் வந்தாலும் தெரிய மாட்டார். அநுராதபுர வீதியிலோ கந்தளாய்ப் பக்கம் கண்டி வீதியிலோ இரவில் மறிக்கிற பொலிஸ்காரர் நிற்பது அந்த நடு இருட்டில்தான்.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம், சாரதி இருப்பது வலப்பக்கம். ஆகவே மறித்த வாகனத்தின் சாரதியோடு பேச வேண்டுமென்றால் பொலிஸ்காரர் ஓடுகிற வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நீங்கள் தாரின் விளிம்பில் அரைகுறையாக நிறுத்தினால் அவர் நிற்பது வீதிக்கு நடுவில். ஒரு மீற்றர் கூடுதலாக இடப்பக்கம் இறக்கி நிறுத்தினால் அந்த ஒரு மீற்றர் அவருக்குக் கிடைக்கும்.

இரவில் மறித்தால் செய்ய வேண்டிய ஒழுங்கு: ரோச் வெளிச்சத்தைக் கண்டவுடன் டிம். இடப்பக்க சிக்னல். தாரை விட்டு இறக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள் லைட்டைப் போடுங்கள். கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். கண்ணாடியை இறக்கி, எங்கே இருந்து பத்திரத்தை எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் ஒரே உறைக்குள் இருந்தால் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடியும். பாதியிலேயே இறங்கி அவரை நோக்கி நடந்து போவது மரியாதை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இருட்டில் இறங்கி வருகிறவரின் கையில் என்ன இருக்கிறது என்று மறிக்கிறவருக்குத் தெரியாது. உள்ளேயே இருங்கள்.

மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். தடைக்குக் கிட்ட வந்து சட்டென்று திரும்பி ஓடுகிற பெடியன்களில் நிறையப் பேரிடம் கஞ்சாவும் இல்லை, ஐஸ் போதைப்பொருளும் இல்லை. லைசன்ஸ் இல்லை, அவ்வளவுதான். ஹாண்டிலைப் பிடிக்கப் போய்க் கான்ஸ்டபிள் இழுபட்டு விழுவது அந்த இடத்தில்தான். கூட்டத்துக்கு வருகிற பெற்றோரிடம் கேட்க வேண்டிய முதல் நன்றி, பதினாறு வயசுக்காரன் கையில் சாவியைக் கொடுக்காமல் இருப்பது.

---

சந்திக்கடை:

மேலே அண்ணா இரவைச் சொல்லிவிட்டார், நான் பகலைச் சொல்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் அநுராதபுரச் சந்தியில் ஒரு மணித்தியாலம் நிற்பது சின்ன வேலை இல்லை. தார் சூடு கீழே இருந்து, வெயில் மேலே இருந்து, பஸ் புகை முகத்துக்கு நேரே. வெயிலில் வேலை செய்கிறவருக்கு 15-20 நிமிஷத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் வேண்டும், ஒரு கோப்பை என்றால் கால் லீற்றர். மணிக்கு முக்கால் லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை வரும். தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒன்றரை லீற்றர் குடிப்பது பிழை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நீண்ட நேரம் வியர்த்தால் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் போதும். ஐஸ் போட்ட சோடா தாகத்தை ஏமாற்றும்.

ஆனால் அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமல் இல்லை. எந்தக் கடையிலும் ஒரு போத்தல் கேட்டால் கொடுப்பார்கள். குடித்த பிறகு போக இடம் இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளிப்பார்கள். பெண் பொலிஸ் என்ன செய்வார்? கடமை முடியும் வரை குடிக்காமல் இருப்பார். அதனால் சிறுநீர்க் கிருமித்தொற்று, தலைச்சுற்று. சந்தியைச் சுற்றி இருக்கிற கடைகளில் மூன்று பேர் மட்டும் "எங்கட பின்பக்கக் கழிவறையைப் பாவிக்கலாம், கேட்கத் தேவையில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது உங்கள் 60,000 ரூபாவை விடப் பெறுமதி. செலவு ஒரு சவர்க்காரக் கட்டி, உள்ளே பூட்டக்கூடிய ஒரு கொண்டி. அந்தக் கொண்டி முக்கியம், அது இல்லாவிட்டால் யாரும் போக மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு அடையாளமும் சொல்லிக் கொடுங்க. வெயிலில் நிற்கிற ஆள் பேச்சுக் குழறி, நடை தடுமாறி, தோல் கொதிக்கச் சூடாக இருந்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க. வரும் வரை நிழலில் கிடத்தி, சேர்ட்டைத் தளர்த்தி, தண்ணீரை மேலெல்லாம் ஊற்றி விசிறுங்க. மயங்கின ஆளுக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, இளநீராக இருந்தாலும்.

---

மூன்று பிரதி:

மூன்றாவது கேள்வி, அதாவது சட்டம். பரிசுப் பொதி என்ற யோசனையை இப்போதே விடுங்கள்.

அரசாங்க ஊழியருக்கு அவர் செய்கிற கடமையை ஒட்டிக் கொடுக்கிற பொருள், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வில்லங்கமாகலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மனதில் கள்ளம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அன்று பொதியோடு படம் எடுத்த ஒருவருடைய மருமகன் அடுத்த மாதம் ஒரு வழக்கில் மாட்டினால், அந்தப் படம் அந்தப் பொலிஸ்காரரின் கழுத்தில் விழும். நன்றி சொல்லப் போய் அவரை விசாரணைக்கு அனுப்பி வைத்ததாக முடியும்.

பொருள் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆளுக்குக் கொடுக்காதீர்கள், நிலையத்துக்குக் கொடுங்கள். முதலில் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள்: என்ன பொருள், எத்தனை, என்ன பெறுமதி, யாருடைய காசு. மேலதிகாரியின் அனுமதி எழுத்தில் வந்த பிறகு வாங்குங்கள். கையளிக்கும்போது இரண்டு பிரதியில் கையொப்பம் எடுத்து ஒன்றை வாசிகசாலைக் கோவையில் போடுங்கள். அனுமதி வர நாளெடுக்கும், ஆகவே குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னரே கடிதம் போக வேண்டும்.

காசே செலவில்லாமல் ஒரு கான்ஸ்டபிளுக்கு நிலைத்து நிற்கிற ஒன்று இருக்கிறது, பாராட்டுக் கடிதம். "திருகோணமலைப் பொலிஸார் சிறந்த சேவை செய்கிறார்கள்" என்ற கடிதம் யாருக்கும் உதவாது. எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், சீருடையில் இருந்த இலக்கம், அவர் செய்த வேலை என்ன என்று ஐந்து வரி. உதாரணமாக: "இத்தனையாம் திகதி பி.ப. 6.40க்கு மட்கோச் சந்தியில் விழுந்து கிடந்த முதியவரை வீதியிலிருந்து அகற்றி, அம்புலன்ஸ் வரும் வரை வாகனங்களை மறித்து நின்றார்." முதற்பிரதி நிலையப் பொறுப்பதிகாரிக்கு, அடுத்தது சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கு, மூன்றாவது உங்களிடம். பதிவுத் தபாலில் போடுங்கள். தமிழில் எழுதி, சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்தால் மேலே போகப் போக யாரும் வாசிக்காமல் ஒதுக்க மாட்டார்கள். இலக்கம் இல்லாத கடிதம் யாருடைய கோவையிலும் சேராது.

பிள்ளைகள் ஐம்பது பேரும் ஐம்பது கடிதம் எழுதுவதை விட, உண்மையாக நடந்த ஐந்து சம்பவத்தை ஊரில் விசாரித்து ஐந்து கடிதம் எழுதட்டும்.

---

கடலூரான்:

பொன்னாடை வேண்டாம் என்று ஒரு வாக்கு என்னுடையதும். அதிகாரிக்குப் பொன்னாடை, சந்தியில் நின்றவனுக்கு ஒன்றுமில்லை. எல்லா விழாவிலும் அதுதானே நடக்கிறது.

---

பழைய கச்சேரி:

இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கு.

காந்தி சிலையடியில் வைக்க வேண்டாம். 2006 ஜனவரி 2இல் அந்தக் கடற்கரையில்தான் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்தில் கைதான விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் 2019 ஜூலையில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அதே இடத்தில் பொலிஸ் நன்றி மேடை போட்டால் உங்கள் நோக்கம் என்னவாக இருந்தாலும் வேறு மாதிரித்தான் வாசிக்கப்படும். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டதும் இதே மாகாணத்தின் கணக்கில்தான் இருக்கு. அந்தக் குடும்பங்களும் எங்கேயோ இருக்கு. இரண்டையும் ஒரு மேடையில் பேசித் தீர்க்கிற வயசு 10ஆம் வகுப்புக்கு இல்லை. வாசிகசாலை மண்டபத்துக்குள் வையுங்க, ஒலிபெருக்கி இல்லாமல்.

அடுத்தது பாஷை. இங்கே கடமைக்கு வருகிற பெடியன்களில் பலர் தெற்கிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் பத்து இருபது சொல். அந்தச் சொற்கள் என்னவென்று கவனித்திருக்கிறீர்களா? நில். வா. இறங்கு. எடு. போ. சொல் சரி, ஆனால் எழுபது வயசு ஐயாவைப் பார்த்து இருபத்திரண்டு வயசுக் கான்ஸ்டபிள் "இறங்கு" என்றால் ஐயாவுக்கு நெருப்பு ஏறும். ஐயா சத்தம் போடுவார். கான்ஸ்டபிளுக்கு ஏன் சத்தம் என்று விளங்காது, அவரும் குரலை உயர்த்துவார். ஐந்து நிமிஷத்தில் சந்தியில் ஐம்பது பேர். வீதியில் நடக்கிற இழுபறி எத்தனையோ இந்த "ங்க" இல்லாததால் தொடங்குது.

அதற்கு ஒரு அட்டை செய்யலாம். சேர்ட் பைக்குள் போகிற அளவு, இரண்டு பக்கம், பிளாஸ்டிக் உறை. ஒரு பக்கத்தில் முப்பது தமிழ் வசனம் சிங்கள எழுத்தில்: "நிறுத்துங்க", "கொஞ்சம் இறங்குங்க ஐயா", "லைசன்ஸ் காட்டுங்க", "எங்க போறீங்க", "பயப்படாதீங்க", "எங்க நோகுது", "அம்புலன்ஸ் வருது". மற்றப் பக்கத்தில் அதே வசனத்தின் சிங்களம். அம்மா, ஐயா, தம்பி, தங்கச்சி யாருக்கு எது என்று கீழே ஒரு வரி. முஸ்லிம் ஊர்ப் பக்கம் காக்கா (அண்ணன்), ராத்தா (அக்கா) என்பதையும் போடுங்க, கிண்ணியா, மூதூருக்கு மாறிப் போகிறவர்களுக்கு உதவும். "முறைப்பாடு", "வாக்குமூலம்" என்ற இரண்டு சொல்லும் கட்டாயம் இருக்கட்டும். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் என்பதை மற்றப் பக்கத்தில் நம் சனத்துக்காகவும் எழுதலாம். அச்சடிக்க முதல் சிங்களம் தெரிந்த ஆசிரியர் ஒருவரும், தமிழ் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் பார்க்க வேண்டும். பிழையான அட்டை அட்டை இல்லாததை விட மோசம்.

---

டிம் லைட்:

பழைய கச்சேரி சொன்ன அட்டை நல்ல வேலை. அதோடு ஒன்று சேர்க்கிறேன், விபத்து நடந்த இடம். முதலில் வருகிற பொலிஸார் இரண்டு பேரில் ஒருவர் அளவு நாடாவின் பூச்சிய முனையை மதகிலோ மின்கம்பத்திலோ அழுத்திப் பிடிப்பார், மற்றவர் குனிந்து டயர் அடையாளத்தில் வாசிப்பார். இப்படி அசையாத இரண்டு புள்ளியிலிருந்து அளந்தால்தான் வரைபடம் நீதிமன்றத்தில் நிற்கும். குனிந்து இலக்கத்தை வாசிக்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அவரைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள், வளைவுக்கு முன்னால் ஒருவரும் நிற்பதில்லை. 50 மீற்றர் பின்னால் போய் ஒருவர் எச்சரிக்கை முக்கோணத்தையோ ரோச்சையோ வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று வருகிறவர்களை மெதுவாக்கினால் போதும். வளைவு என்றால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள். அளந்து முடியும் வரை வாகனத்தைத் தள்ளாதீர்கள், கண்ணாடித் துண்டைக் கூட்டாதீர்கள்.

---

உவர்மலை வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. பொதியும் பொன்னாடையும் போச்சு. இடம் வாசிகசாலை மண்டபம். அந்தக் கடற்கரை விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் யோசிக்காமல் விட்டது எங்கட பிழை. அட்டை 200 அடிக்கலாமெண்டு முடிவு. மிச்சக் காசில் இரவுக் கடமைக்கு ஒளி தெறிக்கிற மேலங்கி வாங்கிக் குடுத்தால் என்ன? கடையில் 600 ரூபாவுக்கும் இருக்கு, 3,000க்கும் இருக்கு. எது?

---

டிம் லைட்:

மேலங்கி நல்லது, ஆனால் சீருடையோடு போடுகிற பொருள் என்பதால் "மூன்று பிரதி" சொன்ன எழுத்து அனுமதி இல்லாமல் ஒன்றும் வாங்காதீர்கள். தனியார் அச்சகத்தில் "பொலிஸ்" என்று எழுதிக் கொடுக்கவே வேண்டாம். ஒன்று தொலைந்தால் அதைப் போட்டுக்கொண்டு யாரோ வீதியில் ஆளை மறிப்பான்.

விலையைப் பார்க்காதீர்கள், பட்டையைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை மஞ்சள் துணி பகலில்தான் வேலை செய்யும், சூரிய ஒளியில்தான் அது ஒளிரும். இரவில் வேலை செய்வது சாம்பல் நிறப் பட்டை மட்டுமே. பட்டை 50 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும். இடுப்பைச் சுற்றி முழுதாக ஓட வேண்டும், இரண்டு தோளிலும் ஏற வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு துண்டு ஒட்டியது, ஆள் பக்கவாட்டில் திரும்பியவுடன் காணாமல் போகும். உள் லேபிளில் ISO 20471 என்ற தரமும் வகுப்பு 2 அல்லது 3 என்பதும், எத்தனை முறை தோய்க்கலாம் என்பதும் இருந்தால் நல்லது. 600 ரூபாவுக்கு விற்பதில் பட்டை வெறும் வெள்ளிப் பூச்சாக இருக்கலாம், நாலு தோயலில் உரியும்.

கடையிலேயே சோதிக்க வழி இருக்கு. மேலங்கியைக் கடையின் இருட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டு, பத்து மீற்றர் தள்ளி நின்று, போன் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நல்ல பட்டை வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். ரோச்சை இடுப்புக்கு இறக்கினால் மங்கிவிடும். அப்படி மங்குவதுதான் சரி, வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி மினுங்கினால் அது வெறும் மினுக்கத் துணி, வாங்காதீர்கள்.

இன்னொன்று, மணிக்கட்டுப் பட்டை. உடம்புப் பட்டை அசையாமல் நின்றால் தூரத்துச் சாரதிக்கு அது பெயர்ப்பலகையோ கம்பமோ என்று தோன்றும். கை அசையும்போது பட்டையும் அசைந்தால் மனிசன் என்று உடனே பிடிபடும். மறிக்கிற வேலையே கையால்தானே. காசு குறைந்தால் மேலங்கியின் எண்ணிக்கையைக் குறைத்து மணிக்கட்டுப் பட்டையைக் கூட்டுங்கள்.

ஒரேயடியாக இருபது வாங்க வேண்டாம். இரண்டு எடுத்து, வாசிகசாலை ஒழுங்கையில் இரவு ஏழரைக்கு ஒரு பிள்ளையைப் போட வைத்து, 100 மீற்றரில் மோட்டார் சைக்கிளை டிம் லைட்டோடு நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் ஓடட்டும், பழைய பைக்குகளில் எஞ்சின் ஓடாவிட்டால் லைட் மங்கும்.